இடுப்புவலிக்காரர்களின் பள்ளத்தாக்கு

கம்பம் பள்ளத்தாக்கில் நாற்பது தாண்டிய யாரை நிறுத்தி விசாரித்தாலும் இடுப்புவலி என்பார்கள். திராட்சைப் பந்தலுக்கு அடியில் பொழுதெல்லாம் கழுத்தை அண்ணாந்து கவாத்து வெட்டுகிறவருக்கு வலிக்காமல் என்ன செய்யும்? விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக் கம்பம்மெட்டு ஏறி, ஏலச்செடித் தூரில் உட்கார்ந்து காய் எடுத்துவிட்டு, இருட்டும் நேரத்தில் அதே ஜீப்பில் குலுங்கி இறங்கும் பெண்களுக்கும் அப்படித்தான். இங்கே வலி நோய்க்கணக்கில் வராது, கூலிக்கணக்கில் வரும். மருந்துக்கடைக்குப் போய் "இடுப்புவலிக்கு ரெண்டு மாத்திரை" என்றால் யாரும் சீட்டு கேட்பதில்லை. அது கேட்காவிட்டால் ஊசி. ஊசியும் கேட்காவிட்டால் எண்ணெய்க் கட்டு.

இந்தக் கூட்டத்துக்குள்தான் மல்டிபிள் மைலோமா சத்தமில்லாமல் ஒளிந்துகொள்கிறது. எலும்பு மஜ்ஜையில் வளரும் ஒரு ரத்தப் புற்றுநோய் அது. புற்றுநோய் என்றாலே கட்டியைத் தேடிப் பழகியவர்கள் நாம். இதற்குப் பெரும்பாலும் வெளியே தெரியும் கட்டி கிடையாது. முதுகுவலி, ரத்தக்குறைவு, அசதி, கொஞ்சம் எடை குறைதல் என்று நம் ஊரில் பாதிப் பேருக்கு இருப்பவைதான் இதற்கும் அறிகுறிகள்.

சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் எங்கள் மாமாவுக்கு அப்படித்தான் ஆனது. "மருந்து டிரம்மத் தூக்குனப்ப பிடிச்சிருச்சு மாப்ள, வேற ஒண்ணுமில்ல" என்றார். எக்ஸ்ரே எடுத்த இடத்தில் எலும்பு தேய்மானம் என்றார்கள். இன்னொரு இடத்தில் ஜவ்வு விலகியிருக்கிறது என்றார்கள். அத்தை முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமுமாகக் கொடுத்தும் முகத்தில் ரத்தம் ஊறவில்லை. ஐந்தாறு மாதம் வலி மாத்திரையிலேயே ஓடியது. பிறகு தீராத தாகம், மலச்சிக்கல், வாந்தி, ஒருநாள் பேச்சே குழறியது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சிறுநீரகம் பாதி படுத்துவிட்டிருந்தது. ரத்தத்தில் கால்சியம் எகிறியிருந்தது. அங்கே பணியில் இருந்த ஓர் இளம் டாக்டர், பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். மொத்தப் புரதம் 11, ஆல்புமின் 2.8. "இதை யாரும் கேட்கலையா?" என்றார். கேட்கவில்லை. வழக்கமாக 6-லிருந்து 8-க்குள் இருக்க வேண்டிய புரதம் அது.

அந்த எண்ணில்தான் நோயின் கதை முழுதும் இருக்கிறது. மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா செல்கள் கிருமிகளோடு சண்டையிட விதவிதமான எதிர்ப்புரதங்களைச் செய்கிறவை. அவற்றில் ஒன்று கெட்டுப்போய்ப் பெருகினால், எதற்கும் உதவாத ஒரே வகைப் புரதத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஆல்புமின் குறைந்தும் மொத்தம் மட்டும் ஏறி நிற்பது அதனால்தான். அந்தப் புரதத்தின் உடைசல்கள் சிறுநீரகத்தின் குழாய்களில் போய் அடைக்கின்றன. பெருகிய செல்கள் எலும்பை அரிக்கத் தூண்டிவிடுகின்றன. அரித்த எலும்பின் கால்சியம் ரத்தத்தில் கலக்கிறது. மஜ்ஜையில் இடம் இல்லாமல் ரத்த உற்பத்தி சுருங்குகிறது. மாமாவின் உடம்பில் தனித்தனியாகத் தெரிந்த நாலு கோளாறும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை. இதில் எரிச்சலூட்டும் செய்தி, அவர் விழுங்கிய வலி மாத்திரைகளில் பெரும்பாலானவை சிறுநீரகத்தை மேலும் கெடுக்கிறவை என்பது. நோய் பாதி, நிவாரணம் பாதி.

இந்தத் தாமதம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமல்ல. 1844-இல் லண்டனைச் சேர்ந்த ஒரு மளிகை வியாபாரி, விடுமுறைக்குப் போன இடத்தில் ஒரு குகையிலிருந்து தாவி ஏறும்போது நெஞ்சுக்குள் ஏதோ முறிந்ததாக உணர்ந்தார். வலிக்கு நெஞ்சில் பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினார்கள். மறுவருடம் அவருடைய சிறுநீர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவரிடம் வந்தது. சூடாக்கினால் கரைவதும் ஆறினால் திரள்வதுமாக விசித்திரமான ஒரு புரதம் அதில் இருந்தது. இன்றும் லேப் தாள்களில் 'பென்ஸ் ஜோன்ஸ் புரதம்' என்று அச்சாவது அதுதான். வியாபாரி 1846 புத்தாண்டு அன்று இறந்துபோனார். அன்றைக்கு வைத்தியம் இல்லை என்றாலும், சிறுநீரைச் சோதிக்கத் தோன்றியதே, அது பெரிய விஷயம்.

வைத்தியம் வர நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. மெல்ஃபலான் என்ற மருந்து 1950-களின் கடைசியில் வந்து, வெகுகாலம் அது ஒன்றே கையில் இருந்தது. அடுத்த திருப்பம் வந்த இடம் யாரும் நினைக்காதது. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டு, கைகால் குறையோடு ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிறக்கக் காரணமாகி, 1961-இல் சந்தையிலிருந்து விரட்டப்பட்ட தாலிடோமைடு அது. 1990-களின் இறுதியில் அமெரிக்காவின் ஆர்கன்சாவில், எல்லா மருந்தும் கைவிட்ட மைலோமா நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட மூவரில் ஒருவருக்கு நோய் பின்வாங்கியது. 1999-இல் முடிவு வெளியானது. இளம் வயதுக் கணவரைக் காப்பாற்ற வழி தேடிய ஒரு மனைவி, டாக்டர்களைத் தொலைபேசியில் துளைத்தெடுத்ததிலிருந்துதான் அந்த முயற்சியே கிளம்பியது. அதன் வாரிசுதான் மாமா இன்று விழுங்கும் லெனலிடோமைடு. பெண்களுக்குக் கொடுக்கும்போது கர்ப்பத்தைப் பற்றி ஆயிரம் எச்சரிக்கை சொல்வதும் அந்தப் பழைய பாவத்தால்தான். 2003-இல் போர்டிசோமிப் ஊசி வந்தது. இரண்டையும் ஐதராபாத்தின் நாட்கோ போன்ற இந்திய நிறுவனங்கள் இங்கேயே தயாரிக்கத் தொடங்கியதால்தான் கம்பத்துக்காரர் ஒருவருக்கு அவை எட்டுகிற விலையில் இருக்கின்றன.

மருந்தோடு வாழ்வது தனிக் குடித்தனம். போர்டிசோமிப் வயிற்றுத் தோலில் வாரம் ஒருமுறை போடும் ஊசி. கொஞ்ச நாளில் பாதம் மரத்து, செருப்பு கழன்றது தெரியாமல் வரப்பில் நடந்தார். அக்கி வராமல் இருக்கத் தினம் ஒரு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், எலும்புக்கு மாதம் ஒரு சொட்டு மருந்து. அதற்கு முன்னால் பல் டாக்டரிடம் காட்டிச் சொத்தையைச் சரிபண்ண வேண்டும், இல்லையென்றால் தாடை எலும்பு கெட்டுப்போகலாம். எல்லாவற்றையும்விட வீட்டை ஆட்டிவைத்தது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. அது வாரம் ஒருநாள்தான். ஆனால் அன்று ராத்திரி மாமா தூங்கமாட்டார். இரண்டு மணிக்குப் பரணில் ஏறிப் பழைய கணக்கு நோட்டுகளை அடுக்குவார், 2009-ஆம் வருடத்துத் திராட்சைப் பாக்கியைப் பற்றி அத்தையை எழுப்பிக் கேட்பார். மறுநாள் சர்க்கரை முந்நூறு காட்டும், அதற்கு மறுநாள் சுருண்டு படுப்பார். அத்தை காலண்டரில் அந்த நாட்களை வட்டமிட்டு வைத்துக்கொண்டு, சண்டையான விஷயங்களை வேறு கிழமைக்குத் தள்ளப் பழகிக்கொண்டார்.

பிறகு ஸ்டெம்செல் மாற்று. இதற்கு வேறொருவர் மஜ்ஜை வேண்டாம், சொந்தச் செல்லே போதும். ஊசி போட்டு ஸ்டெம்செல்களை ரத்தத்துக்கு வரவைத்துச் சேகரிக்கிறார்கள். மெல்ஃபலானைப் பெரிய அளவில் கொடுத்து மஜ்ஜையைத் துடைக்கிறார்கள், சேகரித்ததைத் திருப்பி ஏற்றுகிறார்கள். மேலைநாடுகளில் இந்தச் செல்களை உறைய வைப்பதே வழக்கம். இந்தியாவில் பல மையங்கள் ஓரிரு நாள் சாதாரணக் குளிர்பெட்டியில் வைத்தே ஏற்றிச் செலவைக் குறைக்கின்றன. நன்றாகவே வேலை செய்கிறது. மருந்து ஏறும்போது வாய் புண்ணாகாமல் இருக்க ஐஸ்கட்டியைச் சப்பச் சொல்கிறார்கள். மாற்று தேவையா என்று மாமா கேட்டார். 2022-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், மாற்று செய்தவர்களுக்கு நோய் மறுபடி தலைகாட்டச் சராசரியாக 67 மாதம், மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு 46 மாதம். ஆனால் உயிரோடு இருந்த காலத்தில் அதுவரை வித்தியாசம் தெரியவில்லை. டாக்டர் இதை மறைக்காமல் சொன்னார். "ரெண்டு வருசம் ஊசிக்கு அலையாம இருக்கலாம்ல, பண்ணிருவோம்" என்றார் மாமா. திரும்பி வந்தபின் பல மாதம் சமைக்காத பழம் கூடாது என்றார்கள். பன்னீர்த் திராட்சைக்காரருக்குத் திராட்சை கூடாது. அறுவடை நேரத்தில் அவர் பந்தலையே பார்க்கப் போகவில்லை.

எங்கே போய்ச் செய்வது என்பதும் இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு சிகிச்சைப் பிரச்சினைதான். க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மதுரையில் பாலரெங்காபுரம் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. மாற்று சிகிச்சைக்குப் பலரும் போவது வேலூர் சி.எம்.சி.க்கு, 1986-இலிருந்து அங்கே மஜ்ஜை மாற்று நடக்கிறது, ரத்தநோய்ப் பிரிவு இப்போது ராணிப்பேட்டை வளாகத்தில். அங்கே போக ரயிலும் இல்லாமல்தான் இருந்தது. மீட்டர்கேஜ் வண்டி 2010 கடைசியில் நின்றபின் பதினொரு வருடத்துக்கு மேல் தேனி ரயில் பார்க்கவில்லை. 2023 ஜூனில் சென்னை ரயில் போடிவரை நீண்டது. ராத்திரி தேனியில் ஏறினால் விடியும்போது காட்பாடி. முதுகெலும்பு நொறுங்கிய ஆளைப் பேருந்தில் கூட்டிப்போனவர்களுக்குத்தான் இந்தப் படுக்கை வசதியின் அருமை தெரியும். புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணமே இல்லை, துணைக்குப் போகிறவருக்கு முக்கால்வாசி தள்ளுபடி. மருத்துவமனையில் படிவம் வாங்க வேண்டும், அவ்வளவுதான். கேட்காதவருக்கு யாரும் எடுத்துக் கொடுப்பதில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை வருடத்துக்கு 5 லட்சம் வரை பயன்படுத்தலாம் என்பதையும் பலர் ஆஸ்பத்திரிக்குப் போனபின்தான் விசாரிக்கிறார்கள்.

இதற்குமேல் என்ன இருக்கிறது? நிறைய. டாராடுமுமாப் என்ற மருந்து 2015-இல் வந்தது. இப்போது முதல் சிகிச்சையிலேயே சேர்க்கிறார்கள். நோயாளியின் வெள்ளணுவையே எடுத்து, புற்றுச்செல்லை அடையாளம் காணப் பழக்கித் திரும்ப விடும் கார்-டி சிகிச்சையை, மருந்துகளெல்லாம் தோற்றுப்போன 97 பேருக்கு ஒரே ஒரு முறை கொடுத்தார்கள். ஐந்து வருடம் கழித்தும் மூன்றில் ஒருவருக்கு நோய் திரும்பவில்லை என்று 2025-இல் அறிவித்தார்கள். முப்பது வருடத்துக்கு முன் யாராவது இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். மும்பை ஐ.ஐ.டி.யில் பிறந்த இந்தியக் கார்-டிக்கு 2023-இல் அனுமதி கிடைத்தது. அது வேறு ரத்தப் புற்றுகளுக்கானது. 2025-இல் டாராடுமுமாப், டெக்லிஸ்டமாப் என்ற மைலோமா மருந்துகள் இரண்டுக்கும் சுங்கவரியும் பிறகு ஜி.எஸ்.டி.யும் நீங்கின. வரி போனபின்னும் விலை நம் தோட்டக்காரர்களுக்கு எட்டாத உயரத்தில்தான். பிரபலங்களையும் இது விடவில்லை. சரத்குமாரின் 'நேதாஜி'யில் நடித்த நடிகை லிசா ரேவுக்கு 2009-இல் இந்த நோய் வந்தது. மாற்று சிகிச்சை செய்துகொண்டார், புத்தகமும் எழுதினார். பீகாரின் நாட்டுப்புறப் பாடகி சாரதா சின்ஹா இதோடு ஆறு வருடம் போராடி 2024 நவம்பரில் காலமானார். இரண்டுமே இந்த நோயின் நிஜ முகங்கள்.

ஆனால் எனக்குப் பொறாமை ஐஸ்லாந்தின் மேல்தான். தேனி மாவட்ட மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத அந்த நாட்டில், 2016-இலிருந்து நாற்பது தாண்டிய எல்லோரையும் இந்தப் புரதத்துக்காகச் சோதிக்க அழைத்தார்கள். எண்பதாயிரத்துக்கு மேல் பேர் சம்மதித்தார்கள். நோய்க்கு முந்திய நிலையில் இருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் யாரைக் கவனிக்க வேண்டும் என்று அங்கே தெரிந்துகொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் பூச்சிமருந்து தெளிப்பவர்களிடம் இந்த முன்நிலை இரண்டு மடங்கு இருப்பதாக 2009-இல் ஓர் ஆய்வு சொன்னது. அதை வைத்து மாமாவுக்கு மருந்தடித்ததால்தான் வந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் திராட்சைக்கும் ஏலத்துக்கும் கைகாலில் மருந்து வழியத் தெளிக்கும் ஒரு பள்ளத்தாக்கில் அந்த ஆய்வைப் படிக்கும்போது கை நடுங்கத்தான் செய்கிறது. நம் நோயாளிகளுக்கு மேலைநாட்டவரைவிடக் கிட்டத்தட்டப் பத்து வயது இளமையிலேயே இந்த நோய் வந்துவிடுகிறது என்று இந்திய மருத்துவமனைகளின் பதிவுகள் காட்டுகின்றன.

நான் ஊரையெல்லாம் சோதிக்கச் சொல்லவில்லை. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அப்படி வருகிறவர்களே இதையும் கவனிக்கலாம். நாற்பத்தைந்து தாண்டியவருக்கு ஒன்றிரண்டு மாதமாக ஓயாத முதுகுவலி, கூடவே ரத்தக்குறைவு என்றால், மொத்தப் புரதம், ஆல்புமின், இ.எஸ்.ஆர்., கிரியாட்டினின், கால்சியம் இவ்வளவையும் பார்க்கச் சொல்லலாம். எல்லாமே எந்த லேபிலும் எடுக்கிறவை. சில வகை மைலோமாவில் மொத்தப் புரதம் சரியாகவே இருந்து ஏமாற்றும். சந்தேகம் வலுத்தால், ரத்தப் புரதங்களை வகை பிரித்துப் பார்க்கும் எலக்ட்ரோபோரசிஸ் சோதனை செய்ய மதுரைக்கு ரத்தத்தை அனுப்பினால் போதும், ஆள் போக வேண்டியதில்லை.

மாமா இதை நான் எழுதும்வரை காத்திருக்கவில்லை. மாத்திரையை இருபத்தொரு நாள் விழுங்கி, ஏழு நாள் நிறுத்தி, தோட்டத்துக்கும் போய்க்கொண்டிருக்கிறார். டீக்கடையில் யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் விடுவதில்லை. "டோட்டல் புரோட்டீன் பாத்தியா? கிரியாட்டினின் எவ்வளவு?" என்று குடைவார். அந்தத் தெருவில் அவருக்குப் புரோட்டீன் டாக்டர் என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவர் பேச்சைக் கேட்டு ரத்தம் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் வெறும் ஜவ்வுதான் விலகியிருந்தது. தாளைக் கொண்டுவந்து காட்டும்போது மாமா அதை இரண்டு முறை திருப்பிப் பார்ப்பார். "சரி, சந்தோசம். அடுத்த வருசம் ஒருதடவ எடுத்துரு" என்று சொல்லிவிட்டு, டீக்குக் காசையும் அவரே கொடுத்துவிடுவார்.