பகலுக்கு ஒரு துறை, இரவுக்கு ஒரு துறை

மே மாதம் வந்தால் நம் மாவட்டத்தில் தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றித்தான் பேச்சு. 2023-இல் பிளஸ் டூ தேர்வில் 97.85 விழுக்காடு பெற்று விருதுநகர் மாநிலத்தில் முதலிடம் பிடித்தது. காமராசர் பிறந்த மாவட்டம் என்ற பெருமையோடு எல்லோரும் அந்தச் செய்தியைப் படித்தோம். ஆனால் அந்தக் கணக்கு தேர்வு எழுதியவர்களை வைத்துப் போட்ட கணக்கு. ஆறாம் வகுப்பில் சேர்ந்து, ஒன்பதிலோ பத்திலோ நின்று, தறிக்கும் தையலுக்கும் பட்டாசுக்கும் போய்விட்ட பிள்ளை அதில் வராது. அந்தப் பிள்ளை நின்றுபோனதற்கு யார் பதில் சொல்ல வேண்டும்? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் சேரித் தெருவில் இருக்கும் ஒரு தாய் இந்தக் கேள்வியோடு கிளம்பினால், அவர் ஏறி இறங்க வேண்டிய அலுவலகங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்போம்.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெயர்ப் பலகையில் ஊராட்சி ஒன்றியம் என்று இருக்கும். ஆனால் அங்கே வேலை பார்க்கும் ஆசிரியர்கள் 1981 முதல் அரசு ஊழியர்கள். அவர்களை மேற்பார்வை செய்பவர் வட்டாரக் கல்வி அலுவலர். அவருக்கு மேலே மாவட்டக் கல்வி அலுவலர், அவருக்கும் மேலே விருதுநகரில் முதன்மைக் கல்வி அலுவலர், சென்னையில் இயக்குநர். கட்டடம் ஒழுகினால் அது பி.டி.ஓ. அலுவலகத்து வேலை. மதியச் சோறு சமூக நலத் துறை. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவைச் சமைப்பது மகளிர் சுயஉதவிக் குழு. உதவித்தொகை ஆதிதிராவிடர் நலத் துறை. பெரிய வகுப்புக்குப் போய் விடுதியில் சேர்ந்தால் அந்த விடுதியும் அதே துறை. அதைப் பார்ப்பவர் தனி வட்டாட்சியர், அவருக்கு மேலே மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலர்.

ஒரு பிள்ளைக்கு இத்தனை அலுவலகம் இருப்பது குறையில்லை. இவற்றில் எதுவும் அந்தப் பிள்ளையை முழுதாகப் பார்ப்பதில்லை என்பதுதான் குறை. விடுதி மாணவரின் நிலை இதில் மோசம். பகலில் அவன் பள்ளிக் கல்வித் துறையின் பிள்ளை. இரவில் ஆதிதிராவிடர் நலத் துறையின் பிள்ளை. பத்து நாள் அவனைக் காணோம் என்றால், விடுதியில் இருப்பான் என்று பள்ளி நினைக்கலாம், ஊருக்குப் போயிருப்பான் என்று விடுதி நினைக்கலாம். தேவதானத்திலோ வத்திராயிருப்பிலோ இருக்கும் அப்பன், பையன் படிக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருப்பார். இந்த மூன்று நினைப்புகளுக்கும் நடுவில்தான் ஒரு படிப்பு முடிந்துபோகிறது. 2025 ஜூலையில் அரசு நல விடுதிகளுக்கெல்லாம் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் வைத்தார்கள். சாதியைச் சொல்லும் பலகை போனது நல்லதுதான். பலகை மாறிய விடுதியில் சாயங்காலம் பாடம் சொல்லித்தர ஆள் இருக்கிறாரா, வருகைப் பதிவேடு பள்ளியின் பதிவேட்டோடு ஒத்துப்போகிறதா என்று யார் சரிபார்ப்பது? அதற்கும் ஒரு வழி வேண்டும்.

இந்தப் பிளவு நேற்று வந்ததில்லை. சென்னை மாகாணத்தில் ஊர்ப் பொதுப் பள்ளிகள் பல அக்கிரகாரத்திலும் சாவடியிலும் கோயிலை ஒட்டியும் இருந்தன. நம் தாத்தாக்களுக்கு அங்கே வாசல் கிடையாது. அதனால் 1920களில் லேபர் கமிஷனரின் கீழ் அவர்களுக்குத் தனிப் பள்ளிகள் திறக்கப்பட்டன. எம்.சி. ராஜா போன்றவர்கள் சட்டமன்றத்தில் பேசிப் பேசி வாங்கியவை அவை. அந்த வழியில் வந்தவைதான் இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். மாநிலத்தில் 1,100-க்கும் மேல் இருக்கின்றன. விலக்கி வைத்த சமூகத்துக்கு அரசு கொடுத்த தனி வாசல் அது. அந்த வாசலால்தான் பல குடும்பங்களில் முதல் எழுத்து நுழைந்தது. அதை இளக்காரமாகப் பேச யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் அந்தப் பள்ளிகளை மேற்பார்வை செய்பவர்கள் பெரும்பாலும் வருவாய்த் துறையிலிருந்து வருகிறவர்கள். பட்டாவும் சாதிச் சான்றும் பார்க்கத் தெரிந்த அதிகாரி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஏன் வாசிக்கத் திணறுகிறது என்பதை எப்படி ஆய்வு செய்வார்? 2023 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் உட்படப் பல துறைகளின் பள்ளிகள் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவரப்படும் என்று அரசு அறிவித்தது. உடனே தலித் அமைப்புகளிலும் ஆசிரியர் சங்கங்களிலும் எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. எல்லாப் பள்ளிகளையும் ஒரே துறையின் கீழ் கொண்டுவர வேண்டும், பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, ஒரு பகுதியில் ஆதிக்கம் செலுத்தும் சாதியைச் சேர்ந்தவர் அங்கே கல்வி அதிகாரியாக இருக்கக் கூடாது என்றெல்லாம் அது பரிந்துரைத்தது.

இதில் நம் நிலை என்ன? பாடம், ஆய்வு, ஆசிரியர் பயிற்சி ஆகியவை ஒரே துறையின் கீழ் வரட்டும். நம் பிள்ளைக்கு மட்டும் இரண்டாந்தர ஆய்வு வேண்டாம். ஆனால் அந்தப் பள்ளிகளின் நிலம், கட்டடம், தனி நிதி, பணியிடம் ஆகியவை பொதுக் கணக்கில் கரைந்துவிடக் கூடாது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டத்துக்கென்று 2024-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. மக்கள்தொகைப் பங்குக்கு ஏற்ற நிதியை ஒதுக்கவும் அதை அந்த மக்களுக்கே செலவிடவும் வந்த சட்டம் அது. இணைப்பு வந்தால், அந்த நிதி எந்தப் பள்ளிக்கு எவ்வளவு போனது என்று தனியாகக் காட்ட வேண்டும். இந்த எழுத்துப்பூர்வ உறுதி இல்லாத இணைப்பை ஏற்க முடியாது.

பள்ளியை ஊர்க்காரர்களிடமே விட்டுவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். அமெரிக்காவில் பெரும்பாலான பள்ளி மாவட்டங்களில் உள்ளூர் மக்கள் வாக்களித்துக் கல்வி வாரியத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் ஊரிலும் ஜில்லா போர்டு பள்ளி நடத்திய காலம் உண்டு. ஆனால் 1957-இல் அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் காலெடுத்து வைக்க மத்திய அரசு ராணுவத்தை அனுப்ப வேண்டியிருந்தது. கிராமத்தைப் பற்றி 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்ததும் இதனால்தான். ஊர் என்றால் யாருடைய ஊர் என்ற கேள்வி நமக்கு எப்போதும் உண்டு. ஆகவே மேலே அரசின் கை வேண்டும், கீழே நம் கண்ணும் வேண்டும்.

அந்தக் கண்ணுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றிச் சொல்கிறது. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதி பெண்கள். நலிந்த, ஒடுக்கப்பட்ட பிரிவுப் பெற்றோருக்கு எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் கட்டாயம். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பதும், வந்த பணம் எப்படிச் செலவானது என்று பார்ப்பதும், பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பதும் இந்தக் குழுவின் வேலை. அந்தத் திட்டமே அரசு நிதி ஒதுக்க அடிப்படை என்று 22-ஆவது பிரிவு சொல்கிறது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் மட்டும் இக்குழுவுக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரம்தான் உண்டு. சமுதாய அமைப்புகளும் மிஷன்களும் நடத்தும் அத்தகைய பள்ளிகள் நம் இரண்டு ஊர்களிலும் நிறைய உண்டு என்பதால் இந்த வேறுபாட்டைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 2022-இலும் 2024-இலும் புதிதாக அமைக்கப்பட்டன. நம் தெருப் பெண்கள் பலர் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். ஆனால் கூட்டம் வேலை நாளில் நடக்கிறது. போனால் ஒரு நேரக் கூலி போகும். போகாவிட்டால் நோட்டு வீடு தேடி வரும், கையெழுத்து மட்டும் கேட்கும். வாசிக்காத தீர்மானத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘வாசித்துக் காட்டுங்க டீச்சர், அப்புறம் போடுறேன்’ என்று ஒரே ஒரு தாய் சொன்னால், அடுத்த மாதம் அந்தத் தீர்மானம் கவனமாக எழுதப்படும்.

மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பவை மூன்று. ஒன்று, முதன்மைக் கல்வி அலுவலரும் ஆதிதிராவிடர் நல அலுவலரும் மாதம் ஒருமுறை ஒன்றாக உட்கார்ந்து, விடுதி மாணவர்களின் வருகையைப் பள்ளி வருகையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்குத் தகவல் போக வேண்டும், அதைச் சொல்லும் பொறுப்பு யாருடையது என்று எழுதி வைக்க வேண்டும். இரண்டு, மேலாண்மைக் குழுக் கூட்டம் கூலிக்குப் போகிறவர்கள் வரக்கூடிய நேரத்தில் நடக்க வேண்டும். மூன்று, தேர்ச்சி விழுக்காட்டை அறிவிக்கும் அதே நாளில், அந்த அணியில் ஆறாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் எத்தனை பேர், இடையில் எத்தனை பேர் நின்றார்கள் என்பதையும் ஒன்றியவாரியாக அறிவிக்க வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தனித் தொகுதி. அதற்கு முன்பு ராஜபாளையம் தனித் தொகுதியாக இருந்தது. இரண்டும் அடங்கிய தென்காசி மக்களவைத் தொகுதியும் தனித் தொகுதிதான். நம் ஒதுக்கீட்டில் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் போகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கணக்கு இதுதான். அவர்கள் கேட்கிறார்களா என்று நாம் கேட்க வேண்டும்.

கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேலை உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடப் பத்து ரூபாய் போதும். முப்பது நாளில் பதில் தர வேண்டும். உங்கள் ஊர்ப் பள்ளியில் எத்தனை ஆசிரியர் பணியிடம் காலி, கடைசியாக ஆண்டாய்வு நடந்தது எப்போது, குழுவில் தலித் பெற்றோர் எத்தனை பேர், கடந்த ஆண்டு இடைநின்றவர் எத்தனை பேர் என்ற நான்கு கேள்விகளை எழுதிக் கேளுங்கள். வரும் பதிலை உங்கள் தெருவில் சத்தமாக வாசியுங்கள். அடுத்த கிராம சபையில் அதைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நில்லுங்கள்.