களத்தில் இடறும் மாணாக்கர்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் நாட்டார் வாய்மொழி. மருத்துவம் பயில்வோர் நோயாளியின் அருகிலிருந்தும், உழவு பயில்வோர் வயலில் இறங்கியும், ஆசிரியத் தொழில் பயில்வோர் சிறார் முன்னின்றும் தம் கல்வியை உறுதிசெய்துகொள்கின்றனர். அவ்வாறே சமூகப்பணி பயிலும் மாணாக்கரும் வாரத்திற் சில நாட்கள் வகுப்பறையை விட்டு நீங்கி, மருத்துவமனை, முதியோர் இல்லம், சிறார் காப்பகம், குடிசைப் பகுதி முதலிய இடங்களிற் பணிசெய்து பழகுகின்றனர். இதனைக் களப்பணி என வழங்குவர். இக்களப்பணியில் மாணாக்கர் ஒருவர் இடறுங்கால் செய்யத்தக்கது யாது என்பதே ஈண்டு யாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். தமிழ் பயிலும் எமக்கு இப்பொருளிற் பேச என்ன உரிமை என வினவுவார் உளராயின், அவர் இக்கட்டுரையைச் சற்றே பொறுமையுடன் படிக்குமாறு வேண்டுகின்றோம்.

இப்பயிற்சி முறை நேற்றுத் தோன்றியதன்று. 1897-ம் ஆண்டிற் கனடா நாட்டுத் தொராண்டோ நகரிற் கூடிய அறப்பணி மாநாட்டில், மேரி ரிச்மண்டு என்னும் அமெரிக்க அம்மையார், ஏழைகட்கு உதவுந் தொழிலுக்கும் தனிப் பயிற்சிப் பள்ளி வேண்டுமென வற்புறுத்தினார். இரக்கமுள்ள நெஞ்சம் ஒன்றிருந்தாற் போதும் என்று பலரும் எண்ணியிருந்த காலம் அது. மறு ஆண்டே நியூயார்க்கு நகரிற் கோடைகாலப் பயிற்சி ஒன்று தொடங்கப்பெற்றது. நம் நாட்டில் 1936-ம் ஆண்டிற் பம்பாயில் சர் தொராப்ஜி டாட்டா பெயரால் ஒரு பள்ளி நிறுவப்பெற்று, கிளிஃபர்டு மான்ஷார்ட்டு என்பவரை முதல் இயக்குநராகக் கொண்டு நடைபெற்றது; அதுவே 1944-ம் ஆண்டில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் எனப் பெயர் மாறியது. சென்னையில் 1952-ம் ஆண்டில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியாற் சமூகப்பணிப் பள்ளி எழுந்தது. அமெரிக்க நாட்டிற் சமூகப்பணிக் கல்விக்கு அங்கீகாரம் வழங்கும் மன்றம், இளநிலை மாணாக்கர் 400 மணி நேரமும் முதுநிலை மாணாக்கர் 900 மணி நேரமும் குறையாது களத்திற் பயில வேண்டுமென விதித்திருப்பதோடு, 2008-ம் ஆண்டிற் களப்பணியையே இக்கல்வியின் தனி முத்திரை எனவும் அறிவித்தது.

இத்துணைச் சிறப்புடைய பயிற்சியில் இடறுவோரும் உளர் என்பதை ஒப்புக்கொள்ள மட்டும் பலரும் கூசுகின்றனர். அக்கூச்சத்தால் இருவகைத் தவறுகள் நிகழ்கின்றன. ஒன்று, ‘பாவம், பிழைத்துப் போகட்டும்’ என மதிப்பெண் இட்டு அனுப்பிவிடுதல். மற்றொன்று, பருவம் முழுதும் வாய்திறவாதிருந்து, இறுதியில் ஒரு தாளில் ‘தகுதியற்றவர்’ என எழுதி இடியென இறக்குதல். முன்னது அன்புபோலவும் பின்னது நீதிபோலவும் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒரு குறையிற் பிறந்தவையே. உரிய காலத்தில் மாணாக்கனுடன் அமர்ந்து பேச யாரும் முன்வராமையே அக்குறை.

எம் விடுதியில் நிகழ்ந்ததொன்றை, அதற்குரியவரின் இசைவு பெற்று, இங்கு எழுதுகின்றோம். எம் அறைத்தோழர் சமூகப்பணித் துறையிற் பயில்பவர்; சிற்றூரிலிருந்து வந்தவர்; பள்ளிக் கல்வி முழுவதும் தமிழிலேயே கற்றவர். நகரின் ஓரத்திலுள்ள ஒரு குடியிருப்பிற் பணிசெய்யும் தொண்டு நிறுவனம் ஒன்றிற்கு அவர் அனுப்பப்பெற்றார். சென்று வந்த இரவு தோறும் கண்டவற்றை ஒரு குறிப்பேட்டில் தமிழில் எழுதுவார்; பின்னர் அதனை ஆங்கிலத்தில் மாற்றி மேற்பார்வையாளரிடம் கொடுப்பார். ஒருநாள் அவ்விரண்டையும் யாம் அருகருகே வைத்துப் படிக்க நேர்ந்தது. தமிழ்க் குறிப்பில், ‘யான் வினவிய வினாவிற்கு அவ்வம்மையார் விடை கூறவில்லை. அடுப்பிலிருந்த உலையையே நோக்கியிருந்தார். உலை கொதித்தது, அரிசி களைந்து வைத்ததாகத் தெரியவில்லை’ என்றிருந்தது. ஆங்கில அறிக்கையிலோ, ‘அவர் ஒத்துழைக்கவில்லை’ என்னும் பொருள்பட ஒற்றை வரியே காணப்பட்டது. அவ்வறிக்கையின் ஓரத்தில் மேற்பார்வையாளர், ‘கூர்ந்து நோக்கும் ஆற்றல் இல்லை’ எனச் சிவப்பு மையால் எழுதியிருந்தார்!

அச்சிவப்பு வரி எம் தோழரை முறித்தது. அவ்வாரம் வியாழக்கிழமை, முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டிய மூதாட்டி ஒருவரைத் தாசில்தார் அலுவலகத்திற்கு அழைத்துச் செல்வதாக அவர் வாக்களித்திருந்தார். அவர் செல்லவில்லை. அடுத்த இரண்டு வாரங்களும் செல்லவில்லை. ஆயினும் அறிக்கைகள் தவறாது சென்றன. முந்தைய ஆண்டு மாணாக்கர் ஒருவரின் ஆங்கில அறிக்கையைப் பார்த்து, காணாத வீடுகளைக் கண்டதாகவும் கேளாத சொற்களைக் கேட்டதாகவும் விடுதியறையில் இருந்தே அவர் எழுதினார். அவ்வறிக்கைகட்கு ‘முன்னேற்றம்’ எனப் பாராட்டுக் கிடைத்தது. இவையெல்லாம் யாம் அறிந்திருந்தோம், அறிந்தும் வாளாவிருந்தோம். தோழமை என்று அதற்கு அப்போது பெயரிட்டிருந்தோம்.

நான்காம் வாரம் அம்மூதாட்டியே நிறுவனத்தின் வாயிலுக்கு நடந்து வந்து, “அந்தத் தம்பி வரும்னு மூணு வியாழக்கிழமை வேலைக்குப் போகாம உட்கார்ந்திருந்தேன், உடம்புக்கு ஏதாவது முடியலையா?” என வினவினார். அதனால் உண்மை வெளிப்பட்டது.

இவ்விடத்து நாம் நின்று எண்ணுதல் வேண்டும். எம் தோழர் இடறியதற்குக் காரணம் யாது? மொழியா, மேற்பார்வையின் குறையா, அவர்தம் ஒழுக்கக் கேடா? மூன்றும் உண்டு என்பதே எம் கருத்து. ஆனால் அவற்றை ஒன்றாகக் கலந்து ‘நல்லவன்’, ‘கெட்டவன்’ என முடிவுகட்டுவது பயனற்றது. களப்பணியில் ஒருவர் குறைபடுவதற்குக் காரணங்கள் பல. அறிய வேண்டுவது அறியாமை ஒன்று. அறிந்ததைச் செய்யப் பழகாமை ஒன்று. வறுமை, நோய், இல்லத்துத் துயர், தொலைவிலிருந்து வரும் பயணக் களைப்பு என்னும் சூழ்நிலை ஒன்று. இடமும் ஆளும் பொருந்தாமை ஒன்று. பொய்யும் பொறுப்பின்மையுமாகிய நடத்தைக் குறை ஒன்று. அறியாதார்க்குக் கற்பித்தல் மருந்து. பழகாதார்க்கு மீண்டும் மீண்டும் செய்வித்தல் மருந்து. துயருற்றார்க்குக் காலமும் துணையும் மருந்து. பொய்யர்க்கோ முதலிற் பொய்யைப் பொய்யென்று கூறுதலே மருந்து. பசித்தவனுக்குக் கசாயமும் காய்ச்சற்காரனுக்குப் பழையதும் கொடுத்தால் இருவரும் கெடுவர் அன்றோ?

பெர்த்தா கேப்பன் ரெனால்ட்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர், சமூகப்பணியைக் கற்றலும் கற்பித்தலும் பற்றி 1942-ம் ஆண்டில் எழுதிய நூலில், புதுத் தொழிலைக் கற்பவர் கடக்கும் ஐந்து நிலைகளைக் கூறியுள்ளார். முதல் நிலையிற் கற்பவருக்குத் தம்மைப் பற்றிய கூச்சமே மேலோங்கி நிற்கும். அடுத்து, மூழ்குவதா நீந்துவதா என்னும் தத்தளிப்பு. மூன்றாவது, செய்ய வேண்டுவது புலப்பட்டும் செயலிற் கைவரப்பெறாத நிலை. நான்காவது ஒருவாறு கைவருதல். ஐந்தாவது, கைவந்ததைப் பிறர்க்குக் கற்பித்தல். இதனை நோக்க, மூன்றாம் நிலையில் நிற்பவரைச் சோம்பர் எனக் கருதிவிடுவது எளிது என்பது விளங்கும். அவர் அறிந்திருக்கிறார், ஆயினும் செய்யவில்லை, சோம்பரும் அவ்வாறே. புறத்தே ஒன்றுபோலத் தோன்றும் இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிய வேண்டுமாயின் மேற்பார்வையாளர் அறிக்கையை மட்டும் படித்தாற் போதாது; மாணாக்கருடன் ஒருமுறையேனும் அவ்வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அவர் எவ்வாறு பேசுகிறார், எவ்வாறு கேட்கிறார் என்பதைத் தம் கண்ணாற் காண வேண்டும்.

இக்காலத்திற் சில இடங்களில், மாணாக்கர் சென்றதற்குச் சான்றாக இடக்குறியுடன் கைபேசியிற் படமெடுத்து அனுப்புமாறு கேட்கின்றனர். அப்படம் ஆள் அங்கு நின்றதைக் காட்டும். அங்கு என் செய்தார் என்பதைக் காட்டாது. ஐயத்தைக் கருவியால் தீர்த்துக்கொள்வதினும், ஒருமுறை உடன் செல்வது நன்று.

வள்ளுவர் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தனர். ஆளை ஆராய்ந்து அறிதல் முன்னதாகவும், அறிந்த ஆளைத் தக்க வினையில் அமர்த்துதல் பின்னதாகவும் அமைந்த அவ்வைப்பு, களப்பணிக்கு மாணாக்கரைப் பங்கிடும் துறையினர்க்கும் பொருந்தும். பெயர்ப்பட்டியலை அகரவரிசையிற் பிரித்து, நிறுவனத்திற்கு இருவர் என அனுப்பிவிட்டால், பின்னர் நேரும் இடர்களிற் பாதி அப்பட்டியலிலேயே விதைக்கப்பட்டனவாகும்.

இனி எம் தோழர் செய்தியை முடிப்போம். துறையின் ஆசிரியை, நிறுவன வழிகாட்டி, எம் தோழர் ஆகிய மூவரும் ஓரிடத்தில் அமர்ந்தனர். ‘ஏன் பொய் எழுதினாய்?’ என்பது ஆசிரியையின் முதல் வினாவாக இருக்கவில்லை. ‘இது எப்பொழுது தொடங்கிற்று?’ என்றே வினவினார். எம் தோழர் தமிழ்க் குறிப்பேட்டை எடுத்து வைத்தார். வழிகாட்டி அதனை நெடுநேரம் படித்தார். பின்னர், தாம் ஒருநாளும் இம்மாணாக்கருடன் ஒரு வீட்டிற்கும் சென்றதில்லை என ஒப்புக்கொண்டார். அதன்பின் செய்யத்தக்கவை எழுத்தில் வரையப்பட்டன. பொய்யாகக் காட்டிய நாட்கள் தள்ளுபடியாகும்; அவற்றை விடுமுறையில் மீண்டும் செய்தல் வேண்டும். குறிப்புகளைத் தமிழிலேயே எழுதலாம். இறுதியில் ஆங்கிலத்திற் சுருக்கம் ஒன்று சேர்த்தாற் போதும். பதினைந்து நாட்கு ஒருமுறை வழிகாட்டி உடன் செல்வார். ஆறு வாரம் கழித்து மூவரும் மீண்டும் அமர்ந்து பார்ப்பர். அப்போதும் குறை தீராவிடின் அப்பருவம் தேறாததாகக் கொள்ளப்படும். இவையன்றி, எம் தோழரே சென்று மூதாட்டியிடம் உண்மையைக் கூற வேண்டும். எல்லாவற்றினும் இதுவே அவருக்குக் கடினமாயிருந்தது. தெருமுனை வரையில் யாமும் உடன் சென்றோம். அவர் கூறியவற்றைக் கேட்ட மூதாட்டி, “சரி தம்பி, இப்பவாவது வந்தியே, ஆபீசு பத்து மணிக்குத் திறந்துடும், புறப்படு” என்றாராம். விண்ணப்பம் பின்னர் ஏற்கப்பெற்றது. ஆயினும் காத்திருந்த அம்மூன்று நாட்கூலியை அவருக்குத் திருப்பிக் கொடுப்பார் எவருமிலர்.

இவ்வளவு சலுகை காட்டினால் தகுதி தாழ்ந்துவிடாதா என வினவலாம். தாழாது என்போம். தமிழில் எழுத விடுத்தது சலுகையன்று. அளக்க வேண்டியதை அளப்பதற்குரிய சரியான கோல் அதுவே. மக்கள் தமிழில் அழுது தமிழிற் பேசும் ஓர் ஊரில், அவர் சொல்லைப் பிழையின்றிப் பதிவு செய்வதே தொழில் திறன். ஆங்கிலமும் வேண்டும், அதனைத் தனியே கற்பிக்கலாம். மொழிக்குறையை நோக்குக்குறை எனப் பெயரிட்டுத் தண்டித்தல் மட்டும் கூடாது. தமிழ் பயிலும் எமக்கு இப்பொருளிற் பேச உரிமை உண்டென யாம் கருதுவது இக்காரணம் பற்றியே.

அதனோடு, எவரும் எக்காலத்தும் தேறாதவராகக் கூடாது என்பதும் எம் கருத்தன்று. எல்லா உதவியும் செய்த பின்னும் ஒருவர் பொய்யை விடாராயின், அல்லது பிறர் துன்பத்தைக் காணப் பொறாத இயல்பினராயின், வேறு வழி காட்டி அவரை அனுப்புதலே அவருக்கும் நன்மை. களப்பணியில் ஆசிரியரும் மாணாக்கரும் மட்டுமே இருப்பதாக நாம் நினைத்துவிடுகின்றோம். அங்கு மூன்றாமவர் ஒருவர் உளர். அவர் மதிப்பெண் இடுவதில்லை; கூட்டத்திற்கு அழைக்கப்படுவதுமில்லை; வாசலில் அமர்ந்து வழிபார்த்துக்கொண்டிருப்பார். மாணாக்கரைத் தேற்றுவதும் நிறுத்துவதும் அவரை முன்னிட்டே ஆராயப்படல் வேண்டும்.

மாணாக்கத் தோழர்காள்! இடறுவது இழிவன்று. இடறியதை மறைப்பதே பிறர்க்குத் துன்பமாய் முடிகின்றது. களத்திற்குச் செல்ல மனம் இடந்தராத முதல் நாளே ஆசிரியரிடம் செல்லுங்கள். அறைத்தோழர் பொய் எழுதக் காண்பீராயின், எம்மைப்போல் வாளாவிராதீர். விளக்கை அணைத்துவிட்டேனும் அவரிடம் பேசுங்கள். ஆசிரியப் பெருமக்களையும் யாம் வணக்கத்துடன் வேண்டுவதொன்றுண்டு. சிவப்பு மை எடுக்குமுன், அறிக்கைக்குப் பின்னே ஒரு தமிழ்க் குறிப்பேடு உண்டா என ஒருமுறை கேட்டருளல் வேண்டும்.