காப்பு என்று பெயர் வைத்தால் காப்பாகிவிடுமா?

என்னுடைய பழைய மாணவர் ஒருவர் கடந்த ஆண்டு வீட்டுக்கு வந்திருந்தார். பொருளாதாரம் பயின்று, பின்னர் கணினி கற்று, இன்று மென்பொருள் துறையில் நல்ல ஊதியம் பெறுபவர். ஓய்வு நேரத்தில் கிரிப்டோ முன்பேர வர்த்தகத்தில் ஈடுபட்டிருப்பதாகக் கூறினார். வாங்குவதும் விற்பதும் அவர் எழுதிய நிரலின் வேலை. ‘ஏபிஐ’ எனப்படும் இணைப்பின் வழியாக அது இரவும் பகலும் வர்த்தகத் தளத்துக்கு ஆணைகளை அனுப்பிக்கொண்டிருக்கும். "நஷ்டம் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். "ஹெட்ஜ் மோடுக்கு மாற்றிவிட்டேன் சார். இரண்டு பக்கமும் வைத்திருக்கிறேன். விலை எந்தப் பக்கம் போனாலும் பாதிப்பு இருக்காது" என்றார்.

அந்த நம்பிக்கை 2025 அக்டோபரில் ஒரே இரவில் குலைந்தது. அவர் இழந்த தொகையைவிட, அவரை நம்பவைத்த அந்தச் சொல்தான் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது.

முன்பேர வர்த்தகத் தளங்களில் கணக்கை இரு முறைகளில் இயக்கலாம். முதலாவது ஒருவழி முறை. இதில் ஒரு நாணயத்துக்கு ஒரே ஒரு நிகர இருப்புதான் உண்டு. இரண்டு பிட்காயின் ஒப்பந்தங்களை வாங்கிய ஒருவர் மூன்றை விற்றால், முதலில் வாங்கிய இரண்டும் கழிந்து, ஒன்றை விற்ற நிலையில் நிற்பார். இரண்டாவது, ‘ஹெட்ஜ் மோட்’ எனப்படும் இருவழி முறை. இதில் வாங்கிய இரண்டும் விற்ற மூன்றும் தனித்தனியே நிற்கும், ஒன்றையொன்று கழிக்காது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற, ஏபிஐ வழியாக ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்னும் ஒற்றை மதிப்பை அனுப்பினால் போதும்.

பார்வைக்குச் சிறிய மாற்றம், விளைவு சிறியதன்று. ஒருவழி முறைக்கென எழுதப்பட்ட நிரல், கையிலிருப்பதை விட்டு வெளியேற ‘விற்பனை’ என்று மட்டும் ஆணையிடும். இருவழி முறையிலோ, எந்தப் பக்கத்து இருப்பை விற்பது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆணை நிராகரிக்கப்படலாம். பக்கத்தை மாற்றிச் சொன்னால், பழைய இருப்பு அப்படியே இருக்க, எதிர்ப்பக்கத்தில் புதிய இருப்பு ஒன்று உருவாகிவிடும். நஷ்டத்தை நிறுத்த அனுப்பிய ஆணையே நிறைவேறாமல் போக, உரியவர் தாம் வெளியேறிவிட்டதாக எண்ணி உறங்கிக்கொண்டிருப்பார்.

இது தொழில்நுட்பப் பிழை. கவனமாக இருந்தால் தவிர்த்துவிடலாம். பொருளாதாரப் பிழைதான் ஆழமானது.

‘ஹெட்ஜிங்’ என்பது வணிக உலகின் பழைய வழக்கம். கிடங்கில் மஞ்சளை இருப்பு வைத்திருக்கும் வியாபாரி, விலை விழுந்துவிடுமோ என்று அஞ்சி, முன்பேரச் சந்தையில் மஞ்சளை இன்றைய விலைக்கு விற்று வைக்கிறார். விலை விழுந்தால் கிடங்குச் சரக்கில் வரும் நஷ்டத்தை முன்பேர லாபம் ஈடுகட்டுகிறது. இங்கே சரக்கு உண்மையானது; அச்சம் உண்மையானது; ஆகவே காப்பும் உண்மையானது. ஆனால், ஒரே நாணயத்தின் ஒரே ஒப்பந்தத்தைச் சம அளவில் வாங்கியும் விற்றும் வைத்திருப்பவர் எதைக் காக்கிறார்? அவருடைய நிகர இருப்பு பூஜ்யம். எதையும் வாங்காமல் இருந்தாலும் அதே நிலைதான். செலவு மட்டும் மிச்சமாகியிருக்கும்.

அந்தச் செலவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ரூ.10,000 முன்பணம் கட்டி, 20 மடங்கு பெருக்கத்தில் ரூ.2 லட்சம் மதிப்புக்கு ஒப்பந்தம் செய்கிறார் என்று கொள்வோம். கட்டணம் 0.05 சதவீதம் என்றால், அது முன்பணத்தின் மீதல்ல, ஒப்பந்த மதிப்பின் மீது கணக்கிடப்படும்; ஒரு பரிவர்த்தனைக்கு ரூ.100. இரு பக்கமும் நுழைந்து வெளியேற நான்கு பரிவர்த்தனைகள், ரூ.400. நிரல் இதை ஒரே நாளில் பத்து முறை செய்தால் ரூ.4,000, அதாவது, கட்டிய முன்பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு. விலை அசையாமலேயே இவ்வளவும் கரைந்துவிடும்.

ஒரே கணக்கில் நீண்டகால, குறுகியகால உத்திகளைப் பிரித்து நடத்த இருவழி முறை உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அது கணக்கு வைக்கும் வசதி, காப்பீடு அன்று. அமெரிக்காவில் அந்நியச் செலாவணி வர்த்தகத்தில் ஈடுபடும் சிறு முதலீட்டாளர்கள், ஒரே கணக்கில் இப்படி எதிரெதிர் இருப்புகளை வைத்திருப்பதை அந்நாட்டுத் தேசிய முன்பேரச் சங்கம் 2009-ஆம் ஆண்டிலேயே தடுத்துவிட்டது. வாடிக்கையாளருக்குச் செலவைக் கூட்டுகிறதே தவிர, இதனால் பொருளாதாரப் பயன் இல்லை என்பதே அதன் பார்வை.

பெருக்கம் என்னும் ஆபத்து இதனுடன் சேர்கிறது. 20 மடங்கில் விலை 5 சதவீதம் எதிராகத் திரும்பினால் முன்பணம் முழுவதும் போய்விடும். பைனான்ஸ் தளம் 2019-இல் 125 மடங்கு வரை அனுமதித்தது; அந்த அளவில் 0.8 சதவீத அசைவே போதும். 2021-இல் புதிய வாடிக்கையாளர்களுக்கு அது 20 மடங்காகக் குறைக்கப்பட்டது. பிரிட்டனின் நிதி ஒழுங்குமுறை அமைப்போ, கிரிப்டோ முன்பேர ஒப்பந்தங்களைச் சிறு முதலீட்டாளர்களுக்கு விற்பதையே 2021 ஜனவரி முதல் தடை செய்தது.

இனி, அந்த அக்டோபர் இரவு. சீனப் பொருள்கள் மீது கூடுதலாக 100 சதவீத வரி என்று அமெரிக்க அதிபர் டிரம்ப் அறிவித்ததும் கிரிப்டோ சந்தை சரிந்தது. இந்திய நேரப்படி அக்டோபர் 11 அதிகாலை. 24 மணி நேரத்தில் உலகெங்கும் 1,900 கோடி டாலருக்கும் அதிகமான ஒப்பந்தங்கள் கட்டாயமாக முடித்துவைக்கப்பட்டன. தோற்றவர்களின் முன்பணம் தீர்ந்து, தளங்களின் காப்பு நிதியும் போதாமல் போகும்போது, அவை இறுதியாக ஒரு வழியைக் கையாளும்: லாபத்தில் இருப்பவர்களின் ஒப்பந்தங்களைத் தாமே முடித்துவிடும். ஒப்பந்த விதிகளில் இதற்கு இடம் உண்டு. என் மாணவருடைய விற்பனைப் பக்கம் லாபத்தில் இருந்தது, அது முடித்துவைக்கப்பட்டது. துணையின்றி நின்ற வாங்கிய பக்கம் தொடர்ந்து விழுந்து, சில நிமிஷங்களில் அதுவும் முடிந்தது. இரண்டு பக்கமும் இருக்கிறது என்ற உறுதி, தேவைப்பட்ட நேரத்தில் ஒரு பக்கமாகிவிட்டது.

இந்தியாவின் நிலை என்ன? பங்குச் சந்தையின் முன்பேர, விருப்பத்தேர்வு வர்த்தகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் நஷ்டம் அடைந்தனர் என்றும், அவர்கள் இழந்த மொத்தத் தொகை ரூ.1.8 லட்சம் கோடிக்கும் அதிகம் என்றும் செபியின் ஆய்வு கூறியது. பத்தில் ஒன்பது பேர் நஷ்டமடைகின்றனர் என்ற எச்சரிக்கையைத் தரகு நிறுவனங்கள் வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும் என்ற விதி 2023 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. நிரல் வழியாக வர்த்தகம் செய்யும் சிறு முதலீட்டாளர்களுக்காக 2025 பிப்ரவரியில் செபி தனி நெறிமுறையையே வெளியிட்டது.

இவற்றில் எதுவும் கிரிப்டோவுக்கு இல்லை. 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வரி. அவ்வாண்டு ஜூலை முதல் ஒவ்வொரு கைமாற்றத்திலும் 1 சதவீதப் பிடித்தம். 2023 மார்ச் முதல் பண மோசடித் தடுப்புச் சட்டத்தின் கண்காணிப்பு. அரசின் வருவாய்க்கும் கண்காணிப்புக்கும் விதிகள் உள்ளன; முதலீட்டாளரின் பாதுகாப்புக்கென ஒரு சட்டம் இல்லை. முன்பேர ஒப்பந்தத்தில் நாணயம் கைமாறுவதில்லை, எனவே 1 சதவீதப் பிடித்தம் பொருந்தாது என்பதையே சில தளங்கள் விளம்பரமாகப் பயன்படுத்துகின்றன. நேரடியாக வாங்குபவருக்கு வரிச் சுமை. பல மடங்கு பெருக்கத்தில் பந்தயம் கட்டுபவருக்குச் சலுகை போன்ற தோற்றம். இளைஞர்களை எந்தப் பக்கம் இது தள்ளும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தடை மட்டுமே தீர்வாகாது. தடுத்தால் அயல்நாட்டுத் தளங்களைத் தேடிச் செல்வர். ஆனால், செபியின் அனுபவத்தைக் கிரிப்டோவுக்கும் விரிவுபடுத்த முடியும். பெருக்கத்துக்கு உச்சவரம்பு, நஷ்ட விகிதம் குறித்த கட்டாய அறிவிப்பு, நிரல் வழியாக முறையை மாற்றும்போது வாடிக்கையாளரின் தனி ஒப்புதல், நிகர இருப்பையும் மொத்தக் கட்டணத்தையும் ஒரே திரையில் காட்டும் கடமை ஆகியவை உடனடியாகச் செய்யக்கூடியவை. காப்பு எனப் பொருள்படும் பெயரை ஒரு கணக்கு வசதிக்குச் சூட்டக் கூடாது என்பதையும் விதியாக்கலாம். மருந்துப் புட்டியில் பொய்யான பெயர் ஒட்டப்படுவதை நாம் அனுமதிப்பதில்லை.

மாணவர் அண்மையில் மீண்டும் வந்தார். நிரலில் எந்த வரியை மாற்ற வேண்டும் என்று விவரித்துக்கொண்டிருந்தார். நிரலில் பிழை இருந்திருக்கலாம். ஆனால், நான் அவருக்கு வகுப்பில் சொல்லித்தந்த ஹெட்ஜிங் வேறு. திரையில் அவர் தேர்ந்தெடுத்தது வேறு என்பதைத்தான் அன்று மாலை முழுவதும் அவரிடம் விளக்க வேண்டியிருந்தது.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).