வக்காலத்து வாங்கிய தலைவர்

முதல் உலகப் போர் ஓய்ந்து இரண்டே நாள் ஆகியிருந்தது. 1918 நவம்பர் 13 அன்று கெய்ரோவில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் விங்கேட்டை மூன்று பேர் சந்தித்து, எகிப்துக்கு விடுதலை கேட்டார்கள். நாட்டுக்காகப் பேச நீங்கள் யார் என்ற கேள்வி எழுந்தது. மூவருக்கும் தலைவர் சாத் ஸக்லூல், வழக்கறிஞர் தொழில் பார்த்தவர். அவர் நாட்டு மக்களிடமே வக்காலத்து வாங்கினார். அச்சடித்த படிவங்கள் ஊர் ஊராகப் போயின, கையெழுத்துகள் குவிந்தன. அரசு படிவங்களைப் பறிமுதல் செய்தது. அவர்களின் வஃப்து இயக்கத்துக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது!

இத்தனைக்கும் அவர் பிறவிப் போராளி அல்ல. மாமனார் முஸ்தபா ஃபஹ்மி, பிரிட்டிஷாருக்கு வேண்டப்பட்ட பிரதமர். ஸக்லூலும் 1906இல் கல்வி அமைச்சரானவர். எகிப்தில் பிரிட்டனின் பிரதிநிதியாக இருந்த குரோமர் பிரபுவே மேடையில் அவரைப் பாராட்டியிருக்கிறார். அந்த மனிதரைத்தான் 1919 மார்ச்சில் கைது செய்து மால்டாவுக்கு அனுப்பினார்கள். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், ரயில்வே தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள், முகத்திரை அணிந்த பெண்கள் ஊர்வலம் போனார்கள். ஒரே மாதத்தில் ஸக்லூலை விடுவித்தார்கள்.

சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. மக்கள் தந்த வக்காலத்தை ஸக்லூல் தன் பெயருக்கு எழுதிய பட்டாவாகவே எடுத்துக்கொண்டார். 1921இல் பிரதமர் அத்லி யகன் லண்டனுடன் பேசக் கிளம்பியபோது, பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் ஐந்தாம் ஜார்ஜுடனேயே பேசப்போகிறார் என்று கேலி செய்தார். கைதட்டல் கிடைத்தது, தேசிய அணி இரண்டாகப் பிளந்தது.

தேர்தலில் பெருவெற்றி பெற்று 1924 ஜனவரியில் பிரதமரானார். கம்யூனிஸ்ட் தலைவர்களைச் சிறைக்கு அனுப்பியதும் இந்த மக்கள் தலைவரின் அரசுதான். நவம்பரில் சூடானின் தலைமை ஆளுநர் லீ ஸ்டாக் கெய்ரோவில் சுடப்பட்டு இறந்தார். 5 லட்சம் பவுண்டு அபராதம் கட்டு, சூடானிலிருந்து எகிப்தியப் படையை விலக்கு என்று பிரிட்டன் இறுதி எச்சரிக்கை விடுத்தது. அபராதத்தைக் கட்டிவிட்டு, சூடானை விட்டுத்தர மறுத்துப் பதவி விலகினார். பத்து மாத ஆட்சி அத்தோடு முடிந்தது. அதற்கு அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. எகிப்து சுதந்திர நாடு என்று அறிவித்த 1922 பிரகடனத்திலேயே பாதுகாப்பையும் சூடானையும் பிரிட்டன் தன் கையில் வைத்துக்கொண்டிருந்தது.

1925இல் நாடாளுமன்றம் அவரை அவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அன்றே மன்னர் ஃபுவாத் அவையைக் கலைத்தார். அடுத்த ஆண்டுத் தேர்தலிலும் வஃப்துக்கே வெற்றி. ஆனால் ஸக்லூல் பிரதமராவதை உயர் ஆணையர் லாயிட் ஏற்கவில்லை, போர்க்கப்பலை வரவழைத்தார். ஸக்லூல் இம்முறை தெருவை நம்பவில்லை. தான் எள்ளி நகையாடிய அதே அத்லியைக் கூட்டணி அரசின் பிரதமராக ஏற்று, அவைத் தலைவர் நாற்காலியில் அமர்ந்தார். தோல்வி என்று பலர் எழுதும் இந்த முடிவுதான் அவர் அரசியலிலேயே முதிர்ச்சியானது. 1927 ஆகஸ்டில் அவர் இறக்கும்வரை அந்தக் கூட்டணி குலையவில்லை.