ரேம் மலிவு என்ற வேதாந்தம்

“ரேம்தான் கொட்டிக் கிடக்கே, அப்புறம் எதுக்கு சார் மால்லாக்கை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கீங்க?” சங்கரன்கோவில் பக்கம் நடந்த ரோபோ பயிற்சி வகுப்பில் மைக்கைப் பிடித்தபடி பயிற்சியாளர் ஒருவர் கேட்டார். கூடம் சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாணவர் சொன்னால் மன்னிக்கலாம். இவர் காசு வாங்கிக்கொண்டு சொல்கிறார்.

மலிவாம் மலிவு! 2025 கடைசியில் ஏஐ தரவு மையங்கள் ரேமை அள்ளிக்கொண்டு போய் விலை ஏறிய பிறகும் இந்தப் பாட்டு நிற்கவில்லை. அது கிடக்கட்டும். இவர்களுக்கு அளவு தெரியும், நேரம் தெரியாது. நொடிக்கு 1000 முறை சுற்றும் கட்டுப்பாட்டு லூப்பில் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 1 மில்லிநொடி. அதற்குள் சென்சாரைப் படித்து, கணக்குப் போட்டு, மோட்டாருக்கு ஆணை போயாக வேண்டும். நடுவில் மெமரி கேட்டால், அதாவது மால்லாக்கைக் கூப்பிட்டால், பெரும்பாலும் சட்டென்று கிடைக்கும். இன்னொரு திரெட் பூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாலோ, கெர்னலிடம் போய் நிற்க வேண்டி வந்தாலோ, எப்போது கிடைக்கும் என்று எவரும் வாக்குக் கொடுக்க முடியாது. அன்று ரோபோவின் கை எங்கே போய் இடித்தாலும் 64 ஜிபி ரேம் வந்து தடுக்காது.

எங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜிசிசியோடு வரும் சி பிளஸ் பிளஸ் நூலகம், 15 பைட் வரையுள்ள பெயரை ஸ்ட்ரிங்குக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். தாண்டினால் மால்லாக் வழியாக ஹீப் என்ற பொது மெமரியில் இடம் கேட்கும். ரோபோவுக்கு ஆங்கில எழுத்தில் சங்கரன்கோவில் என்று பெயர் வையுங்கள்: 13 எழுத்து, வம்பில்லை. கரிவலம்வந்தநல்லூர் என்று வையுங்கள்: 20 எழுத்து. லூப்புக்குள் அதை நகலெடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு மால்லாக். நிரலில் ஒரு வரி மாறவில்லை! சங்கரன்கோவிலை ஓட்டிப் பார்த்து ‘பாஸ்’ போட்டவர், கரிவலத்தில் அது தடுமாறும்போது மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருப்பார்.

தமிழிலேயே பெயர் வைத்தால் இன்னும் மோசம். யூடிஎஃப்-8இல் நம் எழுத்துக்கும் குறிக்கும் தலா 3 பைட். மதுரை சரியாக 15 பைட்டில் தப்பிக்கும். நெல்லை 18; ஹீப்புக்குப் போயே தீர வேண்டும். கரிவலம்வந்தநல்லூரைக் கேட்கவே வேண்டாம். ரோபோ தமிழ் பேசும் என்று மேடையில் முழங்குகிறவர்களில் எத்தனை பேர் இதை அளந்து பார்த்தார்கள்?

நாசாவுக்கு ரேம் வாங்கக் காசில்லையா? 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட் ஊர்தி மூன்று வாரத்துக்குள் பேச்சிழந்தது. ஃபிளாஷில் கோப்புகள் பெருகின; அவற்றின் பட்டியலை வைக்கக் கூடுதல் மெமரி கேட்கப்பட்டது; கிடைக்கவில்லை; கணினி ரீபூட் ஆனது; எழுந்ததும் மறுபடி அதையே கேட்டது. 2006இல் நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்து ஜெரார்ட் ஹோல்ஸ்மன் நிரல் எழுத வகுத்த பத்து விதிகளில் மூன்றாவது, தொடக்க வேலை முடிந்தபின் மெமரி கேட்காதே என்பதுதான். “அது செவ்வாய் சார், இது நம்மூர்” என்பார்கள். நம்மூர் என்பதால்தான் சொல்கிறேன்: 20 எழுத்து.

கேட்டு வாங்கிய மெமரியை விடுவிப்பதிலும் (ஃப்ரீ) இதே அலட்சியம். மன்னன் வரதுங்கராம பாண்டியனின் ஏடுகளைத் தேடி உ.வே.சா. கரிவலம் கோயிலுக்கு வந்தபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டாயிற்று என்று பதில் வந்ததை ‘என் சரித்திர’த்தில் எழுதியிருக்கிறார். யாருக்கு இன்னும் தேவை என்று பாராமல் ஃப்ரீ செய்வது எங்களுக்குப் புதிதல்ல.

மால்லாக் எங்கே ஒளிந்திருக்கிறது என்று நிரலை வாசித்து மட்டும் பிடிக்க முடியாது. வெக்டரில் ஒன்று சேர்த்தாலும், ஒரு வரி லாக் எழுதினாலும் கமுக்கமாக நடந்துவிடும். எல்டி ப்ரீலோட் என்ற வசதி வழியாக மால்லாக்கை மறித்து, லூப் தொடங்கியபின் கூப்பிட்டது யார் என்று அச்சிடச் சொல்லலாம். ஹீப்டிராக் என்ற கருவி இருக்கிறது. ஐகன் நூலகத்தில் ஒரு மேக்ரோ போட்டால், தடைசெய்த இடத்தில் மெமரி கேட்டதுமே நிரல் நின்று காட்டிக்கொடுக்கும். எல்லாம் இலவசம். இதற்கு நேரமில்லை, சான்றிதழ் அச்சடிக்க மட்டும் நேரம் இருக்கிறது!

பெற்றோரே, பிள்ளையை இப்படியொரு வகுப்பில் சேர்க்கும் முன் ஒன்று கேளுங்கள்: லூப் ஓடத் தொடங்கியபின் எத்தனை மால்லாக்? பூஜ்யம் என்று அளந்து காட்டினால் பணம் கட்டுங்கள்.