பொது அறிவில் எங்கள் ஊர் எங்கே?

மாணவர்களின் வாழ்வில் பொது அறிவுக்கு இன்று பெரிய இடம் உண்டு. பாடசாலையில் எந்த விழா நடந்தாலும் வினாடி வினாப் போட்டி இல்லாமல் அது நிறைவு பெறுவதில்லை. அரச வேலைக்கான போட்டிப் பரீட்சைகளிலும் பொது அறிவு வினாத்தாள் காத்திருக்கிறது. ஆகவே கடைகளில் விற்கும் பொது அறிவுப் புத்தகங்களை வாங்கி, வினாவையும் விடையையும் வரிவரியாக மனனம் செய்கிறோம். இதை நான் குறை சொல்ல வரவில்லை. நானும் அப்படி மனனம் செய்பவள்தான். ஆனால் 'பொது' என்ற சொல்லைப் பற்றி எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அது யாருக்குப் பொது?

கிரேக்கப் புராணத்தில் அப்பலோவின் கையில் இருக்கும் இசைக்கருவி எது என்று கேட்டால், எங்கள் வகுப்பில் பலர் 'லயர்' என்று உடனே சொல்லிவிடுவார்கள். 'யாழ் நூல்' எழுதியவர் யார் என்று அவர்களிடமே கேட்டுப் பார்த்தேன். சுவாமி விபுலானந்தர் என்ற பெயர் பலருக்குத் தெரிந்திருந்தது. அந்த நூலில் என்ன இருக்கிறது என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. கல்முனையில் பஸ் ஏறினால் சாய்ந்தமருதையும் மாளிகைக்காட்டையும் தாண்டியதும் வருவது காரைதீவு. அவர் பிறந்த ஊர் அதுதான். கிரேக்கம் எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. காரைதீவு தூரத்தில் இருக்கிறது!

எமது கரையோரத்தின் சொற்களும் கதைகளும் பாட்டுகளும் பொது அறிவுதான். அவை வினாத்தாளுக்குள் வரவேண்டும். வந்த பிறகும் ஒரு வரி விடையோடு நின்றுவிடாமல் 'ஏன்', 'எப்படி' என்ற கேள்விகளும் கேட்கப்பட வேண்டும். இதுவே என் கருத்து.

முதலில் சொற்களை எடுத்துக்கொள்வோம். 'செரண்டிபிட்டி' என்ற ஆங்கிலச் சொல்லை உருவாக்கியவர் யார்? ஹொரஸ் வால்போல், 1754. புத்தகம் இத்துடன் நின்றுவிடுகிறது. ஆனால் விஷயம் இங்கேதான் தொடங்குகிறது. தேடாத நன்மை தற்செயலாகக் கைக்கு வருவதைக் குறிக்கும் சொல் அது. செரண்டிப்பின் மூன்று இளவரசர்களைப் பற்றிய பழங்கதையிலிருந்து அதை உருவாக்கியதாக வால்போல் ஒரு கடிதத்தில் எழுதினார். அந்த செரண்டிப் வேறெதுவுமல்ல. அரபு மாலுமிகளும் வணிகர்களும் எமது தீவுக்கு வழங்கிய 'ஸரந்தீப்' என்ற பெயர்தான். சிந்துபாத்தின் ஆறாவது பயணக் கதையிலும் இத்தீவு வருகிறது. கடலோடிகள் சொன்ன ஒரு பெயர் கதைக்குள் புகுந்து, கதையிலிருந்து ஆங்கில அகராதிக்குள் போய்விட்டது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். வீட்டுக்குள் பார்த்தால் போதும். கதிரை, அலுமாரி, சப்பாத்து, பாண் ஆகியவை போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். கந்தோரும் லாச்சியும் ஒல்லாந்தர் தந்தவை. பாக்கி, வசூல், அசல் என்பன அரபு மொழியிலிருந்து வந்தவை. வினாவுக்கு நாம் எழுதுகிறோமே 'பதில்', அந்தச் சொல்லும் அரபிலிருந்து வந்ததே. அதேவேளை மார்க்கக் கடமைகளுக்குத் தொழுகை, நோன்பு என்றும், கொண்டாட்டத்துக்குப் பெருநாள் என்றும் நல்ல தமிழ்ச் சொற்களை எங்கள் முன்னோர் வழங்கினார்கள். இந்தக் கொடுக்கல் வாங்கலைப் புரிந்துகொண்டால் இந்தக் கரைக்கு யார் யார் வந்தார்கள், நாம் யாரோடு கலந்து வாழ்ந்தோம் என்ற வரலாறும் விளங்கிவிடும்.

உம்மம்மா 'ஆணம்' என்று சொன்னால் இன்று சில பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அது படிக்காதவர்களின் பேச்சு என்று நினைக்கிறார்கள். ஆணம் என்பது குழம்பைக் குறிக்கும் பழைய தமிழ்ச் சொல், அகராதியிலும் இருக்கிறது. மற்றவர்கள் மறந்த ஒரு சொல்லைப் பாலாணத்திலும் புளியாணத்திலும் வைத்துக் காப்பாற்றியவர்கள் எங்கள் வீட்டுப் பெண்கள். சிரிப்பதற்குப் பதிலாக அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அடுத்து புராணமும் இசையும். 1892இல் பிறந்த விபுலானந்தர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். யாழ் என்ற கருவி வழக்கொழிந்து, அதன் உருவமும் ஓசையும் எப்படி இருந்தன என்று எவருக்கும் தெரியாதிருந்த காலத்தில், சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைத் துணையாகக் கொண்டு அதன் இலக்கணத்தை ஆராய்ந்தார். பல ஆண்டு உழைப்புக்குப் பின் 1947இல் யாழ் நூல் அரங்கேறியது. அதே ஆண்டில் அவர் காலமானார்.

அந்தச் சிலப்பதிகாரத்தின் நாயகி கண்ணகி. இந்தக் கரையோரத்தின் பல தமிழ்க் கிராமங்களில் கண்ணகிக்குக் கோயில்கள் இருக்கின்றன, காரைதீவிலும் இருக்கிறது. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கை அரசன் கயவாகுவும் அங்கே இருந்தான் என்று அந்தக் காப்பியம் கூறுகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். சிலப்பதிகாரத்தில் 'ஆய்ச்சியர் குரவை' என்றொரு பகுதி உண்டு. அங்கே குரவை என்பது பெண்கள் சேர்ந்து ஆடிப் பாடும் கூத்து. எங்கள் ஊர்க் கல்யாண வீடுகளில் மாப்பிள்ளை வரும்போது மூத்த பெண்கள் நாவை அசைத்துக் குரவை இடுகிறார்களே, அந்த ஓசைக்கும் அதே பெயர்தான். சொல், கதை, இசை மூன்றும் ஒரே கரையில் இப்படிப் பின்னிக் கிடக்கும்போது நாம் அப்பலோவோடு நின்றுவிடலாமா?

மெல்லிசையும் இப்படித்தான். 'சிலோன் மனோகர்' என்று அழைக்கப்பட்ட ஏ. ஈ. மனோகரன் பாடிப் பிரபலமாக்கிய 'சுராங்கனி' தமிழ்நாட்டையும் கலக்கிய பாட்டு. பாடியவர் யார் என்பது வினாடி வினாக் கேள்வி. ஆடுதல் என்ற பொருளுடைய போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து 'பைலா' எப்படி வந்தது, மீன் கொண்டுவந்ததைச் சொல்லும் ஒரு சிங்களப் பாட்டு தமிழர் வாயிலும் எப்படி இனித்தது என்பதே அறிவுக்குரிய கேள்வி.

'அடுத்தவர் புராணமும் பாட்டும் எங்கள் பிள்ளைகளுக்கு எதற்கு?' என்று பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. அவர்களுடைய அக்கறையை மதிக்கிறேன். ஆனால் ஒன்றை அறிவது வேறு, அதை நம்புவது வேறு. அல்பிரூனி சமஸ்கிருதம் கற்று, இந்தியர்களின் சமயத்தையும் விஞ்ஞானத்தையும் பற்றி ஏறத்தாழ 1030இல் பெரும் நூல் எழுதினார். அதனால் அவருடைய ஈமான் குறைந்துவிடவில்லை. அல்பாராபி இசைக் கலையைப் பற்றி எழுதிய பெருநூலை அறிஞர்கள் இன்றும் படிக்கிறார்கள். உமறுப்புலவர் தமிழ்க் காப்பிய மரபைக் கற்றுத் தேர்ந்ததால்தான் நாட்டுப் படலம், நகரப் படலம் என்று அமைத்து அண்ணல் நபியின் வரலாற்றைச் சீறாப்புராணமாகப் பாட முடிந்தது. அயலவரின் கதை தெரியாமல் அவரோடு அயலவராக வாழ்வது எப்படி?

'ஊர்ச் சொல்லும் ஊர்ப் பாட்டும் தெரிந்தால் புள்ளி கிடைக்குமா?' என்பது இன்னொரு கேள்வி. புள்ளியை விடப் பெரியது ஒன்று கிடைத்த இடத்தைச் சொல்கிறேன்.

சுனாமி எந்த மொழிச் சொல்? ஜப்பானிய மொழி, துறைமுக அலை என்று பொருள். இது எல்லாப் புத்தகங்களிலும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை வரை எங்கள் பெற்றோரில் பெரும்பாலானோர் இந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை. அன்று அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். நாட்டிலேயே மிக அதிகமான இழப்பு எங்களுடையதுதான். நான் அதற்குப் பிறகு பிறந்தவள். ஆனாலும் அந்தக் கதை சொல்லப்படாத வீடு எங்கள் தெருவில் இல்லை.

இந்தோனேசியாவில் சிமெலு என்றொரு தீவு இருக்கிறது. அதுவும் முஸ்லிம்கள் வாழும் கடற்கரை பூமி. நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்ததால் சில நிமிடங்களிலேயே அலை அங்கே வந்துவிட்டது. ஆனால் ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர்கள் 7 பேர் மட்டுமே. காரணம் ஒரு சொல், 'ஸ்மோங்'. 1907இல் அங்கே பேரலை வந்து பலரைக் கொண்டுபோனது. உயிர் தப்பியவர்கள் அதற்குத் தங்கள் மொழியிலேயே பெயர் வைத்தார்கள். நிலம் பலமாக அதிர்ந்து கடல் வற்றினால் உடனே மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதைக் கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளுக்குப் பின் 'ஸ்மோங்' என்ற கூக்குரல் எழுந்ததும் சனங்கள் குன்றுகளுக்கு ஓடினார்கள்.

ஒரு சொல், ஒரு கதை, ஒரு பாட்டு. எந்தப் பொது அறிவுப் புத்தகத்திலும் அது இருக்கவில்லை. மூத்தம்மாமாரின் வாயில் இருந்தது. அதுதான் உயிரைக் காத்தது. எங்கள் பிள்ளைகளுக்கு 2004 ஒரு வரி விடையாக மட்டும் போய்ச் சேர்ந்தால் நாம் கற்றது என்ன?

எனவே சில யோசனைகளை முன்வைக்கிறேன். பாடசாலை வினாடி வினாவில் பத்துக் கேள்விகளில் மூன்றாவது எமது பிரதேசத்தைப் பற்றியதாக இருக்கட்டும். சரியான விடைக்கு ஒரு புள்ளி என்றால் அதன் காரணத்தைச் சொல்பவருக்கு இன்னொரு புள்ளி கொடுக்கட்டும். ஒவ்வொரு மாணவியும் விடுமுறையில் வீட்டு மூத்தவர்களிடமிருந்து பத்துச் சொற்களையும் ஒரு தாலாட்டையோ வயற்காட்டுக் கவியையோ எழுதி வரட்டும். யார் சொன்னது, எந்த ஊர் என்பதையும் குறிக்கட்டும். அவற்றுக்கு இந்தச் சஞ்சிகையில் ஒரு பக்கம் ஒதுக்கலாம். கைபேசியில் வரும் துணுக்குகளை அப்படியே பகிராமல் ஓர் அகராதியையோ ஓர் ஆசிரியரையோ கேட்டுச் சரிபார்ப்போம். பெற்றோர்களே, 'அதெல்லாம் பழைய கதை, போய்ப் படி' என்று மட்டும் பிள்ளையை அனுப்பிவிடாதீர்கள். அந்தப் பழைய கதையும் படிப்புத்தான்.

இன்றிரவே வீட்டில் தொடங்கலாம். உம்மம்மா சிறு வயதில் கேட்ட தாலாட்டு எது? அவர் சொல்லி நாம் சொல்லாமல் விட்ட சொற்கள் எவை? அலை வந்த அன்று எங்கள் வீட்டார் எந்தப் பக்கம் ஓடினார்கள்? இந்த மூன்று கேள்விகளுக்கும் எந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் விடை அச்சாகவில்லை. சொல்லக்கூடியவர்கள் இன்னும் எங்களோடு இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வோம்.