இரும்பை ஒதுக்கும் கருவி

புதிய மெட்டல் டிடெக்டரைக் கையில் எடுக்கும் மாணவர்கள் பலரும் முதலில் நாடுவது அதன் 'டிஸ்கிரிமினேஷன்' அமைப்பைத்தான். இன்ன உலோகத்துக்கு ஒலிக்காதே என்று கருவிக்கு ஆணையிடும் வசதி அது. நாணயம் தேடுவோரை மனத்திற்கொண்டு உருவான ஆயத்த அமைப்புகள் இரும்பைக் குப்பையென்று ஒதுக்கிவிடுகின்றன. அவர்களுக்கு அது பொருந்தும். விதர்ப்பத்தின் பெருங்கற்காலத்தை ஆராய்பவருக்கு? நாக்பூருக்கு அருகே மாஹுர்ஜரியில் 1970களின் தொடக்கத்தில் எஸ். பி. தேவ் அகழ்ந்த கல்வட்டங்களில் கிடைத்த கோடரிகளும் குத்துவாள்களும் இரும்பாலானவை. நைகுண்டில் வெளிப்பட்டதோ இரும்பு உருக்கிய உலையே. அத்தகைய நிலத்தில் இரும்பை ஒதுக்கிவிட்டு நடந்து, ஒன்றுமில்லை என்று அறிக்கை எழுதிவிட்டால், பிறகு அங்கே எவரும் தேடப்போவதில்லை.

ஆகவே எல்லா உலோகத்துக்கும் ஒலிக்கும் அமைப்பிலேயே பயிற்சி தொடங்க வேண்டும் என்பேன். இரைச்சல் மிகும், சோடா மூடிகள் தரும் எரிச்சல் சொல்லி மாளாது. ஆயினும் செவி பழகிவிடும்.

மண்ணையும் கருதவேண்டும். பசால்ட் பாறை சிதைந்து உருவான தக்காணக் கரிசலில் காந்தத் தாதுக்கள் மிகுதியாதலால் மண்ணே உலோகம்போல் ஒலிக்கும். உலோகமற்ற இடத்தில் கருவியின் சுருளை மேலும் கீழும் அசைத்து, ஒலி மாறாத நிலை வரும்வரை 'கிரவுண்ட் பேலன்ஸ்' செய்ய வேண்டும். சென்சிட்டிவிட்டியை உச்சத்தில் வைத்தால் ஆழம் கூடும் என்பது பரவலான நம்பிக்கை. இவ்வகை மண்ணில் பெரும்பாலும் அதைச் சற்றே குறைத்தால்தான் ஆழத்திலிருந்து வரும் மெல்லொலி பிரிந்து கேட்கும்.

ஒலித்த இடத்தை வரைபடத்தில் குறித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். தோண்டுவது அகழாய்வு உரிமம் பெற்றவர்களின் பணி.